புனல்வலைச் சிலந்தி: ஒரு பெயரும் மூன்று குடும்பங்களும்

நம் பள்ளியில் எந்த வகுப்பின் வாசலில் நின்று "மேரி" என்று அழைத்தாலும் குறைந்தது மூவராவது எழுந்து நிற்பர். ஆனால் வருகைப் பதிவேட்டில் இந்தக் குழப்பம் நேர்வதில்லை. ஆ. மேரி, சூ. மேரி, லூ. மேரி என்று தலைப்பெழுத்து ஒவ்வொருவரையும் பிரித்துக் காட்டிவிடுகிறது. தலைப்பெழுத்து குடும்பத்தைச் சொல்கிறது. பெயர் ஆளைச் சொல்கிறது. இரண்டும் சேர்ந்திருந்தால்தான் மதிப்பெண் உரியவரைச் சென்று சேரும்.

உயிரினங்களின் உலகிலும் இதே தொல்லை உண்டு. அங்கே ஆள் மாறாட்டம் நேர்ந்தால் போவது மதிப்பெண் அன்று; சில வேளைகளில் உயிரே போய்விடும். இதற்குச் சான்றாகப் புனல்வலைச் சிலந்தியை எடுத்துக்கொள்வோம். மண்ணெண்ணெய் ஊற்றும் புனலைப் போல வாயகன்று அடி குறுகிய வலையைக் கட்டும் சிலந்திகளுக்கு ஆங்கிலம் பேசும் நாடுகளில் பொதுவாக இப்பெயரை வழங்குகின்றனர். இப்பெயர் தாங்கிய ஒரு சிலந்தி மனிதரைக் கொல்ல வல்லது. அதே பெயர் தாங்கிய மற்றொன்று நம் ஊர்ப் புல்வெளியில் பூச்சிகளைப் பிடித்துத் தின்று, யாருக்கும் தீங்கின்றி வாழ்கிறது. பெயர் ஒன்றாயிருக்க, உயிர்கள் வேறாயிருப்பதை எவ்வாறு கண்டுகொள்வது? அறிஞர் இவற்றை எவ்வாறு வகைப்படுத்திப் பெயரிட்டனர்? இதனை இக்கட்டுரையில் காண்போம்.

சிலந்தி பூச்சி அன்று

பேச்சு வழக்கில் நாம் சிலந்தியை எட்டுக்கால் பூச்சி என்கிறோம். இப்பெயருக்குள்ளேயே ஒரு முரண் இருக்கிறது. பூச்சிகளுக்கு ஆறு கால்களே உண்டு. அவற்றின் உடல் தலை, மார்பு, வயிறு என மூன்றாகப் பிரிந்திருக்கும். சிலந்திக்கோ தலையும் மார்பும் இணைந்து ஒரே பகுதியாகவும், வயிறு மற்றொரு பகுதியாகவும் அமைந்துள்ளன. உணர்கொம்பும் இல்லை; இறக்கையும் இல்லை. ஆகவே சிலந்தி பூச்சியின் உறவினரே அன்றிப் பூச்சி அன்று.

வகைப்பாட்டில் அதன் இடத்தைப் படிப்படியாக இறங்கிக் காண்போம். விலங்குலகத்தில் அது கணுக்காலிகள் என்னும் தொகுதியைச் சேர்ந்தது. அத்தொகுதியில் தேளும் உண்ணியும் அடங்கிய அராக்னிடா வகுப்பில் அதற்கு இடம். அவ்வகுப்பினுள் சிலந்திகள் அனைத்தும் சேர்ந்து அரேனே என்னும் வரிசையாகின்றன. வரிசைக்குள் குடும்பங்கள், குடும்பத்துக்குள் பேரினங்கள், பேரினத்துக்குள் சிற்றினங்கள். 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், உலகில் பெயரிடப்பட்ட சிலந்திச் சிற்றினங்களின் எண்ணிக்கை 50,000 ஆயிற்று. இத்தனை பேர் உள்ள வீட்டில் ஒழுங்கான பதிவேடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

மிகச் சிறிய பழம் பிரிவு ஒன்று நீங்கலாக, சிலந்திகளை இரு பெரும் பிரிவுகளாக அறிஞர் பிரிக்கின்றனர். முதற்பிரிவு மைகலோமார்ஃபே, இரண்டாவது அரேனியோமார்ஃபே. இவற்றை வேறுபடுத்த நச்சுப் பற்களை நோக்கினால் போதும். முதற்பிரிவில் இரு பற்களும் ஒன்றுக்கொன்று இணையாகக் கீழ்நோக்கி இறங்குகின்றன. களைக்கொத்தை ஓங்கி நிலத்தில் போடுவது போல, இச்சிலந்தி முன்னுடலை உயர்த்தித்தான் கடிக்க வேண்டும். இரண்டாம் பிரிவிலோ பற்கள் இடுக்கியின் இரு கைகளைப் போல எதிரெதிரே வந்து கூடுகின்றன. மேலும் முதற்பிரிவுச் சிலந்திகளுக்கு இரண்டு இணைப் புத்தக நுரையீரல்கள் உண்டு. இரண்டாம் பிரிவில் பெரும்பாலானவற்றுக்கு ஓர் இணையே உண்டு. வீட்டுச் சுவரிலும் தோட்டத்திலும் நாம் அன்றாடம் காணும் சிலந்திகளில் பெரும்பாலானவை இரண்டாம் பிரிவினவே.

பெயர் வைப்பதற்கும் சட்டம் உண்டு

சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1758ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலின் பத்தாம் பதிப்பில் விலங்குகள் அனைத்துக்கும் இரு சொற்களால் ஆன பெயரை வழங்கினார். முதற்சொல் பேரினம், இரண்டாம் சொல் சிற்றினம். பேரினப் பெயரைச் சுருக்கி எழுதும்போது முதலெழுத்தை மட்டும் எழுதிப் புள்ளி வைப்பர். நம் தலைப்பெழுத்து முறைக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை வியப்புக்குரியது.

விலங்கியற் பெயர்களின் ஆண்டுக்கணக்கு 1758இல்தான் தொடங்குகிறது. ஆயினும் சிலந்திகளுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. லின்னேயஸின் நாட்டினரான கார்ல் கிளெர்க் என்பவர் 1757ஆம் ஆண்டிலேயே சுவீடன் நாட்டுச் சிலந்திகளைப் பற்றி வண்ணப் படங்களுடன் ஒரு நூல் வெளியிட்டு, அதில் இருசொற் பெயர்களைக் கையாண்டிருந்தார். அவ்வுழைப்பு வீணாகலாகாது என்று பின்வந்தோர் அந்நூலை ஏற்றுக்கொண்டு, லின்னேயஸின் நூலுக்கும் முன்னுரிமை உடையதாக்கினர். விலங்கியற் பெயர்கள் அனைத்திலும் முதலிடம் இவ்வாறு சிலந்திகளுக்குக் கிடைத்தது.

இனி, நாம் நினைவில் கொள்ள வேண்டிய விதிகள் நான்கு.

முதலாவது, முன்னுரிமை விதி. ஒரே உயிரினத்துக்கு இருவர் வெவ்வேறு பெயர் வைத்துவிட்டால், முன்னே வைத்த பெயரே நிற்கும். பின்னது ஒத்த பெயர் என்று பட்டியலில் ஒதுக்கப்படும், ஆனால் அழிக்கப்படுவதில்லை.

இரண்டாவது, மாதிரி விதி. ஒவ்வொரு பெயரும் அருங்காட்சியகத்தில் காக்கப்படும் ஒரு மாதிரி உயிருடன் பிணைக்கப்பட்டிருக்கும். ஐயம் எழும்போது அதனை எடுத்துப் பார்ப்பர்.

மூன்றாவது, அடைப்புக்குறி விதி. பெயருக்குப் பின் அதை வைத்தவர் பெயரும் ஆண்டும் எழுதப்படும். அவர் வைத்த பேரினத்திலேயே அவ்வுயிர் இன்றும் இருந்தால் அடைப்புக்குறி இராது. பின்னர் வேறு பேரினத்துக்கு மாற்றப்பட்டிருந்தால் அவர் பெயரை அடைப்புக்குறிக்குள் இடுவர். புகுந்த வீடு மாறினாலும் பெயர் வைத்தவரை மறவாத நல்ல வழக்கம் இது.

நான்காவது, பால் இயைபு. தமிழில் "அவன் வந்தான், அவள் வந்தாள்" என்று வினைமுற்று எழுவாயோடு இயைவது போல, இலத்தீனில் பெயரடை பெயர்ச்சொல்லின் பாலோடு இயைய வேண்டும். பேரினப் பெயர் ஆண்பாலாயின் சிற்றினப் பெயரடை பெரும்பாலும் "அஸ்" என்று முடியும்; பெண்பாலாயின் "ஆ" என்று முடியும்.

ஒரே பெயர், மூன்று குடும்பங்கள்

இவ்விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு புனல்வலைக்காரர்களை ஒவ்வொருவராக அழைப்போம்.

முதலில் வருவது ஐரோப்பாவின் புல்வெளிகளிலும் புதர்களிலும் வாழும் அகெலினா லாபிரிந்திகா (கிளெர்க், 1757). கிளெர்க்கின் பெயர் அடைப்புக்குறிக்குள் இருப்பதைக் கவனியுங்கள். அவர் இதற்கு வைத்த பெயர் அரேனியஸ் லாபிரிந்திகஸ். பின்னர் இது அகெலினா என்னும் பேரினத்துக்கு மாறியது. "லாபிரிந்திகஸ்" என்பதும் பால் இயைபால் "லாபிரிந்திகா" ஆயிற்று. சிக்கலான வழிகள் நிறைந்த மாளிகையைக் குறிக்கும் சொல் அது. விரித்த துணி போன்ற வலையும் அதன் ஓரத்தில் புனல் போன்ற ஒரு குழாயும் இதன் வீடு. பூச்சி ஒன்று துணியில் விழுந்தவுடன் குழாயிலிருந்து ஓடிவந்து பற்றிக்கொள்ளும். இது அகெலினிடே குடும்பம். பற்கள் இடுக்கி போன்றவை. ஆகவே இரண்டாம் பிரிவு.

அடுத்து வருவது நமக்கு அறிமுகமான சிலந்தி. மார்கழி மாதத்து விடியற்காலையில் புல்தரையின் மீது ஆங்காங்கே வெண்ணிறக் கைக்குட்டைகளை விரித்தாற் போலப் பனித்துளி படிந்த வலைகள் தோன்றும் அல்லவா? அவற்றின் நடுவிலோ ஓரத்திலோ ஒரு சிறு துளை தெரியும். துளைக்குள் பழுப்பு நிறச் சிலந்தி ஒன்று வெளியே நோக்கியபடி காத்திருக்கும். இவற்றுள் பெரும்பாலானவை ஹிப்பாசா என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை. இந்தியாவில் வாழும் ஒரு சிற்றினத்தின் பெயர் ஹிப்பாசா அகெலினாய்டிஸ் (சைமன், 1884). பிரெஞ்சு அறிஞர் யூஜீன் சைமன் இதற்கு இட்ட பெயரின் பொருள் "அகெலினாவைப் போன்றது" என்பதாகும்.

போன்றது என்றாரேயன்றி அதுவே என்றாரில்லை. இதில் ஒரு பாடம் இருக்கிறது. வலை அகெலினாவின் வலையை ஒத்திருந்தாலும், இதன் குடும்பம் லைக்கோசிடே, அதாவது ஓநாய்ச் சிலந்திகளின் குடும்பம். அக்குடும்பத்தினர் பெரும்பாலும் வலை கட்டாமல் தரையில் ஓடி வேட்டையாடுபவர். வலை கட்டும் ஹிப்பாசாவை அக்குடும்பத்தில் சேர்த்தது எதனால்? அதன் கண்களின் வரிசை ஒன்று. மற்றொன்று அதன் தாய்மை. தாய்ச் சிலந்தி முட்டைப் பையைத் தன் உடலின் பின்முனையில் ஒட்டிக்கொண்டு செல்லும் இடமெல்லாம் சுமந்து செல்கிறது. குஞ்சுகள் வெளிவந்தபின் அவற்றைத் தன் முதுகின் மீது ஏற்றிக்கொள்கிறது. ஓநாய்ச் சிலந்திகளின் குடும்ப வழக்கம் இதுவே. வீட்டின் தோற்றத்தைக் கொண்டு குலத்தைச் சொல்லலாகாது. உடலமைப்பும் வளர்ப்பு முறையுமே குலத்தைச் சொல்லும். பறவைக்கும் வௌவாலுக்கும் இறக்கை இருப்பதால் இரண்டும் ஓரினம் ஆகிவிடாதது போன்றது இது.

மூன்றாவதாக வருவது ஆஸ்திரேலியாவின் புனல்வலைச் சிலந்தி. இதன் குடும்பம் அட்ராசிடே. கறுத்துப் பளபளக்கும் உடல், களைக்கொத்து போன்ற பற்கள், ஆகவே முதற்பிரிவு. ஈரமான மண்ணிலும், பாறைகளின் அடியிலும், சில இனங்கள் மரப்பொந்துகளிலும் குழிவீடு அமைத்து, அதன் வாயிலிலிருந்து சுற்றிலும் இழைகளை ஓட்டி வைக்கின்றன. இரை அந்த இழையில் கால் வைத்தால் உள்ளேயிருக்கும் சிலந்திக்குச் செய்தி எட்டிவிடும். கிழக்கு, தெற்கு ஆஸ்திரேலியாவிலும் தாஸ்மானியாவிலும் வாழும் இக்குடும்பத்தினர் ஆஸ்திரேலியாவுக்கு வெளியே இயற்கையாக எங்கும் இல்லை.

இம்மூன்றும் மூன்று குடும்பங்கள். முதல் இரண்டுக்கும் மூன்றாவதற்கும் உள்ள இடைவெளி மிகப் பெரிது. "புனல்வலை" என்னும் ஒரே பொதுப்பெயரைக் கேட்டுவிட்டு நம் புல்வெளிச் சிலந்தியை மிதித்துக் கொன்றால், பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது போலாகும்.

சிட்னிச் சிலந்திக்கு எத்தனை பெயர்கள்!

அட்ராசிடே குடும்பத்தில் முதலில் பெயர் பெற்றது ஹட்ரோனைக் செர்பெரியா. ஜெர்மானிய அறிஞர் லுட்விக் கோக் 1873ஆம் ஆண்டில் இப்பெயரை இட்டார். கிரேக்கப் பழங்கதையில் பாதாளத்தின் வாயிலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயர் செர்பெரஸ். குழிவாயிலில் காத்திருக்கும் சிலந்திக்கு இது பொருத்தமே.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1877ஆம் ஆண்டில், லண்டன் அருங்காட்சியகத்தில் இருந்த ஒரு பெண் சிலந்தியைக் கொண்டு அட்ராக்ஸ் ரோபஸ்டஸ் என்னும் பெயர் பிறந்தது. வைத்தவர் ஆக்டேவியஸ் பிக்கார்ட் கேம்பிரிட்ஜ். இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் பிளாக்ஸ்வர்த் என்னும் சிற்றூரின் ஆங்கிலிக்கத் திருச்சபைக் குருவாகப் பணியாற்றிக்கொண்டே உலகெங்குமிருந்து வந்த சிலந்திகளை ஆராய்ந்தவர் அவர். ரோபஸ்டஸ் என்றால் திண்மையுடையது என்று பொருள்.

பிறகு 1914ஆம் ஆண்டு வந்தது. சிட்னி நகரின் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த வில்லியம் ஜோசப் ரெயின்போ அவ்வாண்டில் பல சிலந்திகளை விவரித்தார். சிட்னிப் பகுதியில் கிடைத்த ஓர் ஆண் சிலந்திக்கு யூக்டிமெனா டிபியாலிஸ் என்று பெயரிட்டார். அதன் காலில் இருந்த முள் போன்ற முனைப்பு அவர் கவனத்தை ஈர்த்தது. நகருக்கு மேற்கே நீலமலைப் பகுதியிலிருந்து வந்த சிலந்திக்குப் பொய்கிலோமார்பியா மொன்டானா என்று பெயரிட்டார். மொன்டானா என்றால் மலையைச் சார்ந்தது. வடக்கே மரங்களில் வாழும் பெரிய சிலந்தி ஒன்றை அட்ராக்ஸ் ஃபார்மிடபிலிஸ், அதாவது அச்சம் தருவது என்று அழைத்தார்.

கேம்பிரிட்ஜ் கண்டது பெண் சிலந்தி. ரெயின்போ கண்டது ஆண் சிலந்தி. சிலந்திகளில் ஆணும் பெண்ணும் தோற்றத்தில் வேறுபடுவது இயல்பு. பின்வந்த ஆய்வாளர் ஒப்பிட்டுப் பார்த்து, டிபியாலிஸ், மொன்டானா ஆகிய இரண்டும் ரோபஸ்டஸே என்று முடிவு செய்தனர். முன்னுரிமை விதிப்படி 1877ஆம் ஆண்டுப் பெயர் நின்றது. மற்ற இரண்டும் ஒத்த பெயர்கள் என்னும் பட்டியலில் உறங்கச் சென்றன. ஃபார்மிடபிலிஸ் மட்டும் தனிச் சிற்றினமாக நிலைத்தது. ஆயினும் பின்னர் பேரினம் மாறி, இன்று ஹட்ரோனைக் ஃபார்மிடபிலிஸ் (ரெயின்போ, 1914) என எழுதப்படுகிறது.

நஞ்சும் மருந்தும்

பெயர்ப் பட்டியலைப் புரட்டும் இவ்வேலை எதற்கு என்று சிலர் எண்ணலாம். 1927ஆம் ஆண்டில் சிட்னியில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று புனல்வலைச் சிலந்தி கடித்து இறந்தது. இச்சிலந்தியால் நேர்ந்ததாகப் பதிவான முதல் இறப்பு அதுவே. மருந்து கண்டுபிடிக்கப்படும் வரை இவ்வாறு பதிவான இறப்புகள் 13. அவர்களுள் குழந்தைகளும் இருந்தனர்.

ஆண் சிலந்தியின் நஞ்சு பெண்ணின் நஞ்சைவிடப் பன்மடங்கு கொடியது. மேலும் பெண் சிலந்தி பெரும்பாலும் தன் குழியிலேயே வாழ்ந்துவிடும். ஆண் சிலந்தியோ பருவமடைந்தபின் துணை தேடி வெயில் காலத்து இரவுகளில் அலையும். அப்போது வீடுகளுக்குள்ளும் காலணிகளுக்குள்ளும் புகுந்துவிடும். அதன் நஞ்சிலுள்ள புரதம் ஒன்று நரம்புகளில் சோடிய அயனிகள் நுழையும் வாயில்கள் உரிய நேரத்தில் மூடாதபடி செய்துவிடுகிறது. நரம்புகள் ஓயாமல் துடிக்க, தசைகள் நடுங்கும், வியர்வையும் உமிழ்நீரும் பெருகும், மூச்சு திணறும். வியப்பு என்னவெனில், முயல் போன்ற விலங்குகளை அவ்வளவாக வருத்தாத இந்நஞ்சு மனிதரையும் குரங்குகளையும் கடுமையாகத் தாக்குகிறது.

மெல்போர்ன் நகரின் காமன்வெல்த் சீரம் ஆய்வகத்தில் பணியாற்றிய மருத்துவர் ஸ்ட்ரூவன் சதர்லாந்தும் அவருடைய குழுவினரும் பல்லாண்டுகள் முயன்று இதற்கு முறிமருந்து கண்டனர். ஆண் சிலந்தியின் நஞ்சைச் சிறிது சிறிதாக முயல்களுக்குச் செலுத்தி, அவற்றின் குருதியில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்தனர். 1981ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அது முதன்முறையாக ஒரு நோயாளிக்குக் கொடுக்கப்பட்டது, அவர் பிழைத்தார். அதன்பின் இச்சிலந்தியால் இறப்பு நேர்ந்ததாக உறுதியான பதிவு இல்லை. ஹட்ரோனைக் இனங்கள் கடித்தபோதும் இம்மருந்து கைகொடுத்திருக்கிறது. இவை ஒரே குடும்பத்தினர் என்பதை எண்ணினால் அதன் காரணம் விளங்கும்.

எந்தச் சிலந்தியின் நஞ்சு என்று அறியாமல் யாருடைய நஞ்சைக் கறப்பது? ஆண் எது, பெண் எது, எது எதன் உறவு என்பதை முன்னோர் வரையறுத்து வைத்திராவிட்டால் மருத்துவர் எங்கிருந்து தொடங்குவார்? பெயர்ப் பட்டியலில் உழைத்தவரும் மருந்தறையில் உழைத்தவரும் ஒரே வேலையின் இரு பாதியைச் செய்தவர்கள்.

வீடு மாறிய குடும்பம்

2010ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த மைக்கேல் கிரே இச்சிலந்திகள் அனைத்தையும் மறு ஆய்வு செய்து, 3 பேரினங்களில் 35 சிற்றினங்களை வரையறுத்தார். அட்ராக்ஸ், ஹட்ரோனைக், இல்லவாரா என்பன அப்பேரினங்கள். இல்லவாரா என்பது சிட்னிக்குத் தெற்கேயுள்ள ஒரு பகுதியின் பெயர். புதிய சிற்றினங்களுள் ஒன்றுக்கு அவர் அட்ராக்ஸ் சதர்லாண்டி என்று பெயரிட்டு, முறிமருந்து கண்ட மருத்துவரைப் பெருமைப்படுத்தினார்.

மற்றொன்று அட்ராக்ஸ் யார்க்மெயினோரம். இது பார்பரா யார்க் மெயின் என்னும் அறிஞரின் பெயரைத் தாங்கியது. "ஓரம்" என்பது ஒருவருக்கு மேற்பட்டோரைச் சுட்டும் பன்மை விகுதி. மேற்கு ஆஸ்திரேலியாவின் குழிவாழ் சிலந்திகளைத் தம் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தவர் அப்பெண்மணி. 1974ஆம் ஆண்டு முதல் ஒரு காட்டுப் பகுதியில் ஒவ்வொரு குழிக்கும் எண்ணிட்டுக் கவனித்து வந்தார். 16ஆம் எண்ணிட்ட குழியில் வாழ்ந்த பெண் சிலந்தி 43 ஆண்டுகள் வாழ்ந்து 2016இல் மறைந்தது. நாம் அறிந்த சிலந்திகளுள் மிக நீண்ட ஆயுள் அதற்கே. பொறுமையும் ஒரு குறிப்பேடும் இருந்தால் ஒரு பெண் எத்தகைய அறிவைச் சேர்த்து வைக்கலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

குடும்பத்தின் பெயரும் நிலையாக நின்றதில்லை. அட்ராக்ஸ் நெடுங்காலம் டிப்ளூரிடே என்னும் குடும்பத்தில் இருந்தது. இந்தியாவிலும் இலங்கையிலும் திரை போன்ற வலை கட்டி வாழும் இந்தோதெலே என்னும் சிலந்திகளின் உறவினரையும் அதே குடும்பத்தில்தான் வைத்திருந்தனர். ஆகவே பழைய நூல்களைப் படிப்பவர் இரண்டையும் நெருங்கிய உறவு என்று எண்ணக்கூடும். 1980இல் ராபர்ட் ராவன் என்பவர் அட்ராக்ஸையும் அதன் இனத்தையும் பிரித்து ஹெக்சாதெலிடே என்னும் குடும்பத்தில் வைத்தார். 2018இல் மரபணு ஆய்வின் வழியே இவை தனிக் குடும்பமாக, அட்ராசிடே எனப் பிரிக்கப்பட்டன. இந்தோதெலேயும் 2020இல் இஸ்க்னோதெலிடே என்னும் குடும்பத்துக்குச் சென்றது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இச்சிலந்தியின் நஞ்சுப் புரதத்தை முதலில் அட்ராகோடாக்சின் என்றனர். குடும்பம் ஹெக்சாதெலிடே என்பதால் பின்னர் ஹெக்சாடாக்சின் என்று மாற்றினர். இப்போது சிலந்தி அக்குடும்பத்தைவிட்டு வெளியேறிவிட்டது; நஞ்சின் பெயர் மட்டும் பழைய வீட்டின் முகவரியோடு நிற்கிறது.

உறங்கிய பெயர் விழித்தது

2025ஆம் ஆண்டு ஜனவரியில் ஆஸ்திரேலிய, ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஒரு முடிவை வெளியிட்டனர். சிட்னிப் புனல்வலைச் சிலந்திகளின் உடலமைப்பையும் மரபணுக்களையும் ஒப்பிட்டபோது, ஒன்று என்று நினைத்த அட்ராக்ஸ் ரோபஸ்டஸ் உண்மையில் மூன்று சிற்றினங்கள் என்று தெரிந்தது. சிட்னியை ஒட்டிய பகுதியில் வாழ்வதற்கு ரோபஸ்டஸ் என்னும் பழைய பெயரே நிலைத்தது. வடக்கே நியூகாசில் நகரை ஒட்டி வாழ்வது மூன்றிலும் பெரியது. அப்பெரிய சிலந்திகளை முதலில் கவனித்துச் சேர்த்த கேன் கிறிஸ்டென்சன் என்னும் சிலந்தி ஆர்வலரின் பெயரால் அதற்கு அட்ராக்ஸ் கிறிஸ்டென்செனி என்று புதிய பெயர் வைத்தனர்.

மேற்கிலும் தெற்கிலும் வாழும் மூன்றாவதற்குப் புதிய பெயர் தேவைப்படவில்லை. 1914இல் ரெயின்போ நீலமலைச் சிலந்திக்கு வைத்த மொன்டானா என்னும் பெயர் ஒதுக்கப்பட்டிருந்ததேயன்றி அழிக்கப்படவில்லை அல்லவா? அதுவே மீண்டும் எழுந்தது. அட்ராக்ஸ் ஆண்பாற் பெயர் என்பதால் "மொன்டானா" "மொன்டானஸ்" ஆயிற்று. பேரினம் மாறியதால் பெயர் வைத்தவர் அடைப்புக்குறிக்குள் அமர்ந்தார்: அட்ராக்ஸ் மொன்டானஸ் (ரெயின்போ, 1914). நாம் மேலே கண்ட நான்கு விதிகளும் இந்த ஒரே பெயரில் வேலை செய்வதைக் காணலாம். ரெயின்போ 1919இல் மறைந்தார். ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து அவர் கண்டது சரியென்று ஏற்கப்பட்டது.

இதனால் விளையும் பயன் பெரிது. இனி மூன்றின் நஞ்சையும் தனித்தனியே ஒப்பிட்டு மருந்தை மேலும் செம்மையாக்க இயலும்.

நாம் கொள்ள வேண்டியவை

நம் புல்வெளியில் வலை விரிக்கும் ஹிப்பாசா நமக்குத் தீங்கு செய்வதில்லை; பூச்சிகளைக் குறைத்து நன்மையே செய்கிறது. அதை இருந்த இடத்திலேயே விட்டுவிடலாம். இனம் தெரியாத எந்தச் சிலந்தியையும் வெறுங்கையால் பிடித்தல் கூடாது. கடித்து உடல்நலம் குன்றினால் உடனே மருத்துவரை நாட வேண்டும். சிலந்தியின் படம் இருந்தால் காட்டலாம். "கறுப்பாக, பெரிதாக இருந்தது" என்று மட்டும் சொல்வதைவிட அது நூறு மடங்கு உதவும்.

இயற்கையைக் கற்க விரும்பும் தோழியர் ஒரு சிறு குறிப்பேட்டைத் தொடங்குங்கள். எந்த நாள், எந்த இடம், வலையின் அமைப்பு, காலின் நிறம், தாய் முட்டைப் பையை எவ்வாறு காத்தது என்பவற்றைப் பார்த்தபடி எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவையுங்கள். ஊகித்து நிரப்ப வேண்டாம். இன்று ஒருவர் உண்மையாக எழுதி வைக்கும் ஒரு வரி, என்றோ ஒருநாள் முகம் அறியாத ஒருவருக்கு வழிகாட்டும். உரிய பெயரை உரிய உயிருக்கு வழங்குவது அறிவின் முதற்படி மட்டுமன்று. அவ்வுயிருக்கும், அதனால் துன்புறக்கூடிய மனிதருக்கும் நாம் செய்யும் நீதியும் ஆகும்.